கோடாலிக்காரி இல்வாவை நாங்கள் ஒருமனதாகக் கொன்றது

மரீயெஸ்டாட்,
மார்ச் மாதத்து இரண்டாம் திங்கட்கிழமை.

என் அன்புக்கும் மரியாதைக்கும், உள்ளதைச் சொன்னால் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அக்கா குன்னெலுக்கு,

உன் ஒரே தம்பி ஃபோல்க்கே வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான் சௌக்கியம். இடது முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை. ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. அங்கே ஊமியோவில் நீயும் உன் மகளும் மருமகனும் இரட்டைக் குழந்தைகளும் சளி இருமல் அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும் என்பதே தினமும் காப்பி குடிக்கும்போது என் நினைப்பு. உன் வீட்டுக்காரர் சிக்ஸ்டன் அத்தானும் நலம். அதாவது உடம்பளவில் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறார், வாசலில் பனி தள்ளுகிறார், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். மற்றதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுத வேண்டியிருக்கிறது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று முறை எண்ணைப் போட்டேன். மூன்று முறையும் குழந்தைகளின் பல் முளைப்பைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். அறுபத்து மூன்று வயதில் அக்காவுக்குப் பயப்படுகிறவன் இந்த ஊரில் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

போன செப்டம்பரில் நீ ரயிலேறும் முன் பிளாட்பாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாய்? "ஃபோல்க்கே, இந்த மனுஷன் ரிட்டயர் ஆனதுலேர்ந்து ஒரு நாளைக்கு நாலே நாலு பேச்சுத்தான்டா பேசுறாரு. ம், சரி, அப்படியா, உன் இஷ்டம். அஞ்சாவது கிடையாது. குழம்புல உப்பு இருக்கான்னு கேட்டாக்கூட உன் இஷ்டம்ங்கிறாரு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். தன் வாயால, தனக்காக, ஒரே ஒரு வார்த்தை இவர் பேசிக் கேக்கணும். நீ எப்படியாவது பேச வை." ரயில் கிளம்புகிற அவசரத்தில் நானும் "கவலைப்படாதே அக்கா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் எழுதப்போகிறேன். உட்கார்ந்து படி.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நீ "கெழடுங்க மந்திரவாதி வேஷம் போடுற கூத்து" என்று சொல்வாய். வேஷமெல்லாம் கிடையாது என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிவருகிறேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் ஆடுவது. நான் கதை நடத்துபவன். காடு, கோட்டை, ராஜா, பூதம் என்று ஒரு ராஜ்ஜியத்தை நான் சொல்லிக்கொண்டு போவேன். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கதாபாத்திரம். "இப்போது நான் இதைச் செய்கிறேன்" என்று அவரவர் சொல்வார்கள். அது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் நகராட்சி எங்களுக்கு நூலகத்தின் நிலவறையில் ஓர் அறை கொடுக்க வேண்டுமென்றால் நாங்கள் பதிவு பெற்ற சங்கமாக இருந்தாக வேண்டும். சங்கம் என்றால் விதிமுறை, ஆண்டுக்கூட்டம், கூட்டக் குறிப்பு எல்லாம் வேண்டும். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் சோல்வெய் தலைவி. பஸ் ஓட்டும் தாகே செயலாளர். பல் கட்டுகிற இங்வே தணிக்கையாளர். நான் துணைத் தலைவர். ஆக நாலு பேர் சங்கத்தில் நாலு பேருக்கும் பதவி. ஐந்தாவதாக அக்டோபரில் நான் அத்தானைக் கூட்டிக்கொண்டு போனேன். எல்லோரும் கைகுலுக்கினார்கள். அத்தான் "ம்" என்றார். சாதுவான ஆள் வந்து சேர்ந்தார் என்று சோல்வெய் என் காதில் சொன்னாள்.

பழைய பெட்டியில் யாரோ விட்டுப்போன பாத்திரத் தாள் ஒன்று கிடந்தது. இல்வா என்று பெயர். ஆறடி உயரம், வடக்கத்திக் காட்டுக்காரி, கையில் இரட்டை அலகுக் கோடாலி. "இது போதுமா அத்தான், இல்ல வேற பாக்கலாமா?" என்றேன். "உன் இஷ்டம்," என்றார். முதல் இரண்டு மணி நேரம் தேமே என்று உட்கார்ந்து லவங்கப்பட்டை பன்னை மென்றுகொண்டிருந்தார். கதையில் நாங்கள் ஒரு பாலத்துக்கு வந்தோம். நான் குரலை மாற்றிக்கொண்டு, பாலத்துக் காவல்காரனாக, "பயணிகளே, வருக! பெயரையும் வந்த காரியத்தையும் சொல்லிவிட்டு வரிசையில் நில்லுங்கள்" என்றேன். அத்தான் நிமிர்ந்தார்.

"வெட்டுறேன்."

"என்ன அத்தான்?"

"கோடாலியால. அவனை."

"அவன் பேர்தானே கேட்டான்?"

"ஆமா. கேட்டான்."

பகடையை உருட்டினார். இருபது விழுந்தது. இருபது விழுந்தால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது, அது விதி. அந்தக் காவல்காரனுக்கு நான் மூன்று பிள்ளைகளும் வயிற்று வலியும் எழுதி வைத்திருந்தேன் அக்கா, ஒரு முழுப் பக்கம். எல்லாம் போச்சு. சோல்வெய், "சரி, அதுவும் ஒரு வழிதான்," என்றாள். இங்வே, "சுவாரஸ்யமா இருக்கு," என்றான். தாகே பேனாவை மூடித் திறந்து மூடினான். இதற்கெல்லாம் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு தரம் இப்படிச் செய்தால் உன் முகத்திலேயே விழிக்க மாட்டோம் என்று அர்த்தம். இதற்கு மேல் கடுமையாகப் பேச எங்கள் நாலு பேருக்கும் வராது. அத்தானும் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், அவருக்கும் அர்த்தம் தெரியும். தெரிந்தும் அடுத்த பன்னை எடுத்துக் கடித்தார்.

அதற்கப்புறம் நடந்ததை வரிசையாக எழுத எனக்குத் தெம்பில்லை. இல்வா தானியக் களஞ்சியத்தைக் கொளுத்தினாள், ஏன் என்று கேட்டதற்கு உள்ளே யாரோ உபதேசம் பண்ணிக்கொண்டிருந்தார்கள் என்றாள். ராஜாவின் தூதனைக் குதிரையோடு சேர்த்துக் குளத்தில் தள்ளினாள். நாங்கள் மூன்று வாரம் பேசிப் பேசிச் சிநேகமாக்கிய பூதத்தை "இது ரொம்பச் சிரிக்குது" என்று சொல்லி மலையிலிருந்து உருட்டிவிட்டாள். அப்புறம் கதையில் வருகிற சமாதான மாநாடு இருக்கிறதே, நாலு மாசம் உட்கார்ந்து நாற்பத்தேழு பக்கம் எழுதியிருந்தேன் அக்கா, மூன்று ராஜ்ஜியமும் முதல் தடவையாக ஒரே மேசையில், திருச்சபை ஆயர் எழுந்து நின்று பேச்சை ஆரம்பிக்கிறார், நான் இரண்டாவது பக்கத்தில்தான் இருக்கிறேன், அத்தான் பகடையைக் கையில் எடுத்துவிட்டார். "அத்தான், கொஞ்சம் பொறுங்க, அவர் சமாதானம் பேச வந்திருக்காரு," என்று கெஞ்சினேன். "ரொம்ப நேரமா பேசுறாரு," என்றார். ஆயர் கிணற்றுக்குள் போனார். மிச்சம் நாற்பத்தைந்து பக்கம் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது, பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

கட்டுப்படுத்தாமலா இருந்தோம்? எல்லாம் செய்து பார்த்தோம். நேராகச் சொல்வதைத் தவிர எல்லாம். தாகே ஒரு நாள் காப்பி மெஷின் மேல் பெயர் போடாத சீட்டு ஒன்றை ஒட்டி வைத்தான், "ஒருவர் உணர்வை ஒருவர் மதிப்போம்" என்று, கீழே ஒரு சிரிக்கும் முகத்தோடு. அதைப் பார்த்துவிட்டு இங்வே தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து ஒவ்வொருத்தரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டான். சோல்வெய் ஒரு வாரம் தூங்கவில்லை. அத்தான் கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்துவிட்டு, "நல்ல கருத்து," என்று போய் உட்கார்ந்து ஒரு கிராமத்தைக் கொளுத்தினார். பொறுப்பு வந்தால் புத்தி வரும் என்று கதைக்குள் அவரையே குழுவுக்குத் தலைவராக்கினோம். ஒரே மதியத்தில் மூன்று ராஜ்ஜியங்கள் மீதும் போர் அறிவித்தார். மனசு இளகட்டும் என்று சோல்வெய் கதைக்குள் அவருக்கு ஒரு ஆட்டுக்குட்டி பரிசாகக் கொடுத்தாள். உண்மையாகவே இளகினார். அதற்குப் புல் தேடினார், தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார், பெயர்கூட வைத்தார். என்ன பெயர் என்று நான் எழுத மாட்டேன். அப்புறம் அந்த ஆட்டைப் பார்த்து "மெலிஞ்சிருக்கே" என்று சொன்ன ஊரை இருந்த இடம் தெரியாமல் பண்ணினார்.

இதையெல்லாம் நான் புலம்பலாக எழுதுகிறேன், ஆனால் ஒன்றை உன்னிடம் மறைத்தேன், அதுதான் இப்போது நெஞ்சை அறுக்கிறது. ஆட்டம் முடிந்து காரில் திரும்பும்போது அத்தான் பேசுவார் அக்கா. நாலு பேச்சு இல்லை, நாற்பது, நானூறு. ஒரு நாள் ஏரிக்கரைச் சாலையில் வரும்போது தானாகவே ஆரம்பித்தார். "முப்பத்தாறு வருஷம் நெலம் அளந்தேன் ஃபோல்க்கே. வேலிக்கு இந்தப் பக்கம் ஒருத்தன் திட்டுவான், அந்தப் பக்கம் ஒருத்தன் திட்டுவான். நான் நடுவுல டேப்பைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். சரிங்க, சரிங்கன்னு. இல்வா நிக்க மாட்டா." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருக்கு ஒரு பக்கத்துக் கடைவாய்ப் பல் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும், அதுவரை அவ்வளவு பெரிதாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது, "என்னடா இவரு குளிக்கறப்போ பாடுறாரு, என்ன பண்ணினே?" என்று கேட்டாய். நான் "சீதோஷ்ணம்" என்றேன். நாற்பத்தைந்து பக்க எரிச்சல் எனக்கு. அந்த எரிச்சலில் நீ கேட்ட காரியம் பாதிக்கு மேல் நடந்துவிட்டது என்பதைப் பார்க்கவே இல்லை. பாவி நான்.

ஜனவரிக் கடைசியில் அது நடந்தது. இங்வேயின் பாத்திரம் சகோதரர் ஆல்டுஸ், குணப்படுத்துகிற துறவி. பத்தொன்பது வருஷமாக இங்வே அதே ஆளாகத்தான் ஆடுகிறான். அவன் விவாகரத்தான வருஷம்கூட ஒரு ஞாயிறு தவறவில்லை. கயிற்றுப் பாலத்தில் எதிரிகள் துரத்தி வருகிறார்கள், ஆல்டுஸ் நடுப்பாலத்தில், இல்வா இந்தக் கரையில். "பாலத்தை அறுக்கிறேன்," என்றார் அத்தான். "ஆல்டுஸ் இன்னும் பாலத்து மேல இருக்காரே," என்றாள் சோல்வெய். "எதிரியும் இருக்கான்," என்றார் அத்தான். இங்வே "பரவால்ல" என்றான். பகடை பதினெட்டு. மறுபடி "பரவால்ல பரவால்ல" என்றவன் எழுந்து போய்க் கழுவி வைத்த கப்புகளை மறுபடி கழுவினான். முதுகு குலுங்கியது. நாங்கள் யாரும் பார்க்காத மாதிரி இருந்தோம். அத்தானுக்கும் முகம் செத்துப்போனது. இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினார். அப்போது யாராவது, "சிக்ஸ்டன், நீங்க பண்ணினது தப்பு" என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால், அவரும் மன்னிப்புக் கேட்டிருப்பார், அதோடு முடிந்திருக்கும். நாங்கள் அப்படிச் செய்கிற ஆட்களா? சிறப்புக் கூட்டம் கூட்டினோம்.

கூட்டத்தைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. நேராக ஒரு மனுஷனைச் சொல்லக் கூடாதல்லவா, அதனால் ஏழாவது பொருளாக "பாத்திரங்களின் தொடர்ச்சி குறித்து" என்று போட்டிருந்தோம். குறிப்பைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பதவி இல்லாத ஒரே ஆள் அத்தான்தான், ஆகவே அவரைத் தேர்ந்தெடுத்தோம். ஏழாவது பொருள் வந்தது. "இல்வா அடுத்த ஆட்டத்தில், கதை நடத்துபவருக்கு உசிதமாகப் படும் வகையில், இயற்கையான முடிவை எய்த வேண்டும் என்று முன்மொழியப்படுகிறது," என்று சோல்வெய் தாளைப் பார்த்தே வாசித்தாள். "கூட்டத்துக்குச் சம்மதமா?" நான் சம்மதம் என்றேன், தாகே சம்மதம் என்றான், இங்வே மெதுவாகச் சம்மதம் என்றான்.

"சரி," என்றார் அத்தான்.

அக்கா, அவரும் சொன்னார். பழக்க தோஷத்தில். ஒருமனதாக நிறைவேறியது என்று தாகே எழுதிக்கொண்டான். அப்போதாவது நான் எழுந்து, "நிறுத்துங்கப்பா, இவரு தன் கழுத்துக்கே சரிங்கிறாரு" என்று கத்தியிருக்க வேண்டாமா? எட்டாவது பொருள் காப்பித்தூள் வாங்குவது. அதற்குப் போய்விட்டோம்.

அன்றைக்கே ஆட்டம். மலைப்பாதை, பனிச்சரிவு. அத்தான் பகடைப் பையைத் திறந்தார், பனிச்சரிவென்றால் தப்பிக்கப் பகடை உருட்டலாம், இருபத்திரண்டு வருஷத்தில் யாருக்கும் நான் அதை மறுத்ததில்லை. "தேவையில்ல அத்தான்," என்றேன். என் வாயால் சொன்னேன். எங்கே இருபது விழுந்துவிடுமோ என்கிற பயம். அவர் பகடையைப் பைக்குள் போட்டுச் சுருக்குக் கயிற்றை இழுத்தார்.

"அப்படியா," என்றார். பையை மேசைமேல் வைத்துவிட்டு, "குன்னெல் தப்பிச்சாளா?" என்று கேட்டார்.

ஆட்டைத்தான் கேட்டார். மேலே நான் எழுத மாட்டேன் என்ற பெயர் இதுதான். அன்பால்தான் வைத்தார், கோபித்துக்கொள்ளாதே. தப்பித்துவிட்டாள் என்றேன். "நல்லது," என்று சொல்லிவிட்டு இல்வாவின் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கப்புகளைக் கழுவப் போனார். காரில் அன்று ஒரு வார்த்தை இல்லை.

இது நடந்து மூன்று ஞாயிறு ஆகிறது. மூன்று ஞாயிறும் தவறாமல் வருகிறார், அதுதான் தாங்க முடியவில்லை. காப்பி போடுகிறார், கதவோர நாற்காலியில் உட்கார்ந்து நாங்கள் ஆடுவதைப் பார்க்கிறார். புதுப் பாத்திரம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், "உங்க இஷ்டம்." ஆட்டமும் இப்போது மகா ஒழுங்கு. ஒரு குகைக்குள் நுழையலாமா வேண்டாமா என்று இரண்டு ஞாயிறாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவர் மனமும் புண்படாமல். நேற்று இங்வேயே, பத்தொன்பது வருஷத் துறவியைப் பறிகொடுத்த இங்வேயே, குளிர்கோட்டு மாட்டிக்கொண்டு என்னிடம் சொன்னான்: "ஃபோல்க்கே, ஆல்டுஸ் போனதுக்கு நான் அழுதேன்தான். ஆனா அன்னிக்கு ராத்திரி படுக்கறப்போ, இத்தனை வருஷத்துல இப்படி ஒரு ஆட்டம் நாம ஆடினதே இல்லன்னு நெனச்சேன். உங்க அத்தானை நாம என்ன பண்ணி வெச்சிருக்கோம் பாரு."

அக்கா, நீ என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாய். அது கைக்கு வந்தது, வந்ததை நானே நசுக்கிவிட்டேன், அதுவும் கூட்டம் போட்டு, குறிப்பெழுதி. இனி அவர் வாயைத் திறப்பார் என்று எனக்கு நம்பிக்கையில்லை. குழந்தைகளை மகளும் மருமகனும் சமாளித்துக்கொள்வார்கள் என்றால் நீ கொஞ்சம் சீக்கிரம் கிளம்பி வா. வந்து என்னைத் திட்டு, நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்கிறேன். உன்னால்கூட அவரைப் பேச வைக்க முடியாமல்தான் என்னிடம் சொன்னாய் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது, இருந்தாலும் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. என்னை மன்னித்துவிடு.

மகளுக்கும் மருமகனுக்கும் என் அன்பு. இரட்டையருக்கு ஆளுக்கு இரண்டு முத்தம், பெரியவனுக்கு ஒன்று கூடுதலாகக் கொடுத்துவிடாதே, சின்னவன் முகத்தில் எல்லாம் தெரிந்துவிடும். எல்லோரும் நல்ல பசியும் நல்ல தூக்கமுமாக நீடூழி இருக்க வேண்டும்.

தலைகுனிந்த தம்பி,
ஃபோல்க்கே

பின்குறிப்பு (செவ்வாய், மதியம்): உறை ஒட்டுவதற்குள் வாசல் மணி அடித்தது. திறந்தால் அத்தான்! தொப்பியில்லை, மஃப்ளர் இல்லை, முகம் சிவந்து கிடக்கிறது, கையில் எங்கள் சங்க விதிமுறைப் புத்தகம். பனிக்காலணியைக் கழற்றாமல் நேராகச் சமையலறைக்கு வந்துவிட்டார் அக்கா, அத்தான், காலணியோடு! "ஒன்பதாம் விதியை வாசி," என்றார். சிறப்புக் கூட்டத்துக்குப் பதினான்கு நாள் முன்னால் அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்று வாசித்தேன். "தாகே எப்போ ஒட்டினான்? திங்கக்கிழமை! ஞாயித்துக்கிழமை பிரிண்டர்ல மை இல்லன்னு திங்கக்கிழமை ஒட்டினான்! எத்தனை நாளாச்சு? பதிமூணு! பதிமூணுடா! கூட்டமே செல்லாது! நான் குறிப்புல இன்னும் கையெழுத்துப் போடலை, போடவும் மாட்டேன்!"

அவர் நிறுத்தவில்லை. "இங்வேகிட்ட நான் பண்ணினது தப்பு. இன்னிக்குக் காலைல அவன் கடைக்கே போயி மன்னிப்புக் கேட்டுட்டேன். அன்னிக்கு நானும் சரின்னு சொன்னேன் பாரு, அதுவும் என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா நீ என்னைப் பகடை உருட்ட விடலை ஃபோல்க்கே. அதை நான் ஒத்துக்க முடியாது. மூணு வாரமா தூக்கம் இல்ல. நீ ஒரு கோழை. உன் ஆயர் பேச்சு தாங்கலை, நாற்பத்தேழு பக்கமும் தாங்கலை, அதை மனசுல வெச்சுக்கிட்டு ஒரு பொம்பளையைப் பனியில பொதைச்சே!" பதினோரு நிமிஷம் திட்டினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. "என்ன சிரிப்பு?" என்று அதற்கும் ஒரு திட்டு.

அப்புறம் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து விரித்தார். என் சாப்பாட்டு மேசையிலேயே பனிச்சரிவை மறுபடி ஆடினோம். பத்துக்கு மேல் விழுந்தால் பிழைப்பாள். இரண்டு கையாலும் குலுக்கி உருட்டினார். நாலு. நான் பதறி, "இன்னொரு தரம் உருட்டுங்க அத்தான், பரவால்ல," என்றேன். "கூடாது," என்றார். என் காதில் விழுந்தது சரிதான், கூடாது என்றே சொன்னார். "இப்பதான் செத்தா. நீ பண்ணினது சாவு இல்ல, ஃபைலை மூடினது." பெரிய மூச்சு விட்டு, மீதி இருந்த மீன் அடையை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, உப்பு போதவில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை புதுப் பாத்திரம் கொண்டு வருகிறாராம். இல்வாவுக்கு ஒரு தங்கை இருக்கிறாளாம்.

ஆகவே அக்கா, மேலே எழுதியிருக்கும் அழுகை அத்தனையையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீ கிளம்பி வர வேண்டாம். அவரே அங்கே வருகிறார். அடுத்த திங்கட்கிழமை காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. "குன்னெல்கிட்ட கொஞ்சம் பேசணும்," என்றார். "எந்தக் குன்னெல்?" என்று பயந்துபோய்க் கேட்டேன். "என் பொண்டாட்டி," என்றார். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, "அது எனக்கும் அவளுக்கும், நீ நடுவுல வராதே," என்று எரிந்து விழுந்தார். இந்தக் கடிதம் உனக்கு வெள்ளிக்கிழமை கிடைக்கும், ஆக உனக்கு இரண்டு நாள் அவகாசம் இருக்கிறது. பேச வேண்டியதை மறந்துவிடக் கூடாதென்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். கையைக் கழுவப் போனபோது அதை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். சத்தியமாக நான் படிக்கவில்லை. ஆனால் கண்ணில் பட்டது. பதினேழு வரைக்கும் நம்பர் போட்டிருந்தார்.